பதினோரு உத்தரங்கள்

முகப்பில் இரும்பு எழுத்தில் 1709.
வெண்டல் ரூஸா செய்து வாங்கிய
இருநூறு காபிக் கோப்பைகளிலும் அதே எண்.
வால்கில் ஆற்றங்கரையில் இதற்கு மூத்த வீடு கிடையாது என்று
பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும்போதெல்லாம்
முப்பது வருஷமாகச் சொல்கிறார்.

கூரை ஒழுகுகிறது.
மானியம் கேட்டால் வயதுக்குச் சான்று கேட்கிறார்கள்.
அதற்காக வந்தவள் நான்,
பென்சில் தடிமனுக்கு மரத்தைக் குடைந்தெடுக்கும்
ஒரு துரப்பணத்துடன்.

பரணுக்கு ஏணி.
சுண்ணாம்புக்கல் சுவர்கள்
பிப்ரவரியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தன.
முதல் உத்தரம் தலையில் இடித்தது.
மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையே துளைத்தேன்.
ஓக் மரம். செதுக்கியவர் கைக்குத் தப்பி
ஒரு மூலையில் பட்டை ஒட்டியிருந்தது.
எனக்கு வேண்டியது அந்த மூலைதான்.
மரம் கடைசியாக வளர்ந்த வருஷம் அங்கே நிற்கும்.

உருப்பெருக்கியின் கீழ்
மழை பெய்த வருஷங்கள் அகலமாக,
பொய்த்தவை மயிரிழையாக.
எங்கெல்லாம் வாடியது என்பதில்
ஓக் மரங்கள் ஒன்றுக்கொன்று பொய் சொல்வதில்லை.
பக்கத்து ஊர் தேவாலய விட்டத்தோடு
வளையத்துக்கு வளையம் பொருத்தினேன்.
பதினோரு உத்தரமும்
1741ஆம் வருஷக் குளிரில் வெட்டியவை.

'மரத்துக்கு என்ன தெரியும்' என்றார் வெண்டல்.
அப்புறம் அவரே போய்
ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.
1884ஆம் வருஷத்துக் கொல்லன் ரசீது:
வீட்டு முகப்புக்கு நான்கு எண்கள்.
கையிருப்பில் ஒன்பது இல்லாததால்
ஆறைக் கவிழ்த்து அடித்தது.
எத்தனை வருஷமாக அவருக்கு இது தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

டப்பாவின் அடியில் ஊஸ்தர்வெல்ட் குடும்பக் கணக்கேடு.
டச்சு படிக்கத் தெரிந்த ப்ரூடன்ஸ்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள்.
விதைக் கோதுமை. உப்பு. ஒரு பசு, சினை.
பிறகு, அதே மையில், அதே சாய்வில்:
'யாக்கபஸ் ப்ரிங்க்கிடம் மிங்கோவை வாடகைக்கு எடுத்தது,
மரம் வெட்ட, செதுக்க, நாற்பத்தொரு நாள்.
கூலி யாக்கபஸுக்கு.
கழித்தது: மிங்கோ கோடரி வாயை உடைத்ததற்கு
ஒன்பது பென்ஸ்.'
அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

அன்றிரவு மறுபடி ஏறினேன்.
கைவிளக்கை மரத்தோடு மரமாகப் படுக்க வைத்தால்
கோடரி போன வழியெல்லாம் நிழல் எழும்.
ஒன்று முதல் ஆறு வரை
தண்ணீர் போல வழுவழுப்பு.
ஏழாவதன் நடுவில் ஒரு கணு.
கல்லாய் உறைந்த மரத்தில் கல்லாய் இறுகிய கணு.
அதற்கு அப்பால் விழுந்த ஒவ்வொரு வெட்டிலும்
கோதுமைத் தாள் அளவுக்கு ஒரு மேடு,
ஒரே இடத்தில், உடைந்த வாயின் அச்சு,
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று,
கடைசி வரை.
வேறு கோடரி கொடுக்கவில்லை.
சாணை பிடிக்கவும் விடவில்லை போல.

அந்தக் கணுவில்
அவர் நிமிர்ந்திருப்பார்.
யாராவது பார்த்தார்களா என்று திரும்பியிருப்பார்.
இது என் ஊகம். மரத்தில் இல்லை.

சங்கக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது.
இரும்பு எண்ணுக்கும் இப்போது வயதாகிவிட்டது,
கழற்றக் கூடாது என்று தீர்மானம், ஐந்துக்கு நான்கு.
கீழே வைக்கும் பலகையில்
'கட்டியவர்' என்ற சொல்லுக்கு நேராக யார் பெயர் என்பதை
அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
தேவதாரு ஓடுகள் ஜூனில் வருகின்றன.

என் துளைகளை ஓக் முளைகளால் அடைத்துத்
தேயிலைச் சாயம் பூசினேன்.
கிளம்பும்போது ஒரு பேருந்து வந்து நின்றது.
வெண்டல் பரண் விளக்கை அணைத்தார்.
'தொடாதீர்கள்' என்று அவரே எழுதி மாட்டிய அட்டைக்குக் கீழே
முன்னால் நின்ற சிறுமியின் விரலைப் பிடித்து
ஏழாவது உத்தரத்தில் வைத்து
'இங்கிருந்து' என்றார்.
வருஷம் எதுவும் சொல்லவில்லை.